எலி விழுந்த வீடு

யானை வருகிற ஊரில் பிறந்தவள் நான். தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். யானை இறங்கி வாழையை மிதித்துவிட்டுப் போனால் அப்பா திட்டிக்கொண்டே மறு கன்று வைப்பார், அவ்வளவுதான். பயம் என்பது என்னவென்று கோயமுத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகே தெரிந்துகொண்டேன். அந்தத் தெருவில் நான் இரண்டுக்குப் பயந்தேன். ஒன்று எலி. இன்னொன்று எதிர் வீட்டு அத்தை.

உறவில் அத்தை இல்லை. தெருவே அவரை அத்தை என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். ஐம்பது வயது இருக்கலாம், மகளை வெளியூரில் கட்டிக்கொடுத்திருந்தார். ஒல்லியான உடம்பு, பெரிய குங்குமம், கை நிறைய வளையல். குரல் அந்த உடம்பைவிடச் சின்னது. கோபம் வந்தால் மற்றவர்களுக்குச் சத்தம் ஏறும், அத்தைக்கு இறங்கும். "ஏனுங்க" என்று காதில் விழுந்தும் விழாமலும் ஆரம்பித்தார் என்றால் யாருக்கோ அன்றைக்குப் பொழுது சரியில்லை என்று அர்த்தம். அடுத்து, எல்லோருக்குமான விதியைப் பற்றி அவர் கேட்பது எப்போதும் ஒன்றேதான். "இது எல்லாத்துக்குந்தானுங்களே? அப்பறம் உங்களுக்கு மட்டும் என்னங்க?"

நான் வந்த புதிதில் தெருக்குழாயில் சிறுவாணித் தண்ணீர் வர ஆரம்பித்திருந்தது. அதுவரை உப்புத் தண்ணீர் குடித்து நாக்கு செத்துப்போயிருந்த ஊர். குழாயடியில் முனிசிபாலிட்டிக்காரர்கள் ஒரு தகரப் பலகை மாட்டியிருந்தார்கள்: குடத்தில் மட்டும் பிடிக்க வேண்டும், துணி துவைக்கக் கூடாது, மாடு கழுவக் கூடாது, வண்டியில் பீப்பாய் வைத்துப் பிடிக்கக் கூடாது. எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து. மில் வேலைக்காரர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்தார்கள். அங்கிருந்து வந்த ஒருத்தி தன் குழந்தையின் துணியை அலசினாள் என்று முனிசிபாலிட்டி சேவகன் அவள் குடத்தை உதைத்து உருட்டினான். அதே சேவகன், தெருக்கோடிப் பெரிய வீட்டு மாட்டுவண்டி பீப்பாயோடு வந்து நின்றதும் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீடி பற்ற வைத்தான்.

அத்தை வண்டியருகே போனார். வண்டிக்காரன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சக்கரத்தின் கடையாணியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டார். "பொம்பளைங்கல்லாம் புடிச்சு முடிக்கட்டுமுங்க. அப்பறம் ஆணியத் தாரேன். வெறும் பீப்பாயோட ஊட்டுக்குப் போயிருங்க."

வண்டிக்காரன் சக்கரத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மாட்டுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய வீடு பஞ்சு முதலாளியுடையது. என் வீட்டுக்காரர் அவருடைய கிடங்கில்தான் கணக்கு எழுதினார். குழாயடியில் நானும் நின்றேன் என்று யாராவது போய்ச் சொல்லிவிட்டால்? குடம் பாதி நிறைவதற்குள் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

இன்னொரு நாள் விளக்கு வைக்கிற நேரம். சைக்கிளில் விளக்கில்லாமல் வந்த ஒரு மில் ஆளைப் போலீஸ்காரர் நிறுத்தினார். இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டு, "நடடா டேசனுக்கு" என்றார். பின்னாலேயே முதலாளியின் அக்காள் மகன் விளக்கில்லாத சைக்கிளில் வந்தான். போலீஸ்காரர் சலாம் வைத்தார். அத்தை எரிந்துகொண்டிருந்த அரிக்கேன் விளக்கை எடுத்துவந்து நடுத்தெருவில் மறித்து நின்று அவன் ஹேண்டில்பாரில் மாட்டினார்.

"இருட்டுல போறீங்க தம்பி. சட்டம் கண்ணு தெரியாம உங்க மேல மோதிப்போடுமுங்க."

அவன் விளக்கைக் கழற்றித் தரையில் அடித்துவிட்டுப் போனான். அத்தையின் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்தார். இழுப்பு நோய்க்காரர், அதிகம் பேச மாட்டார். பேச மூச்சும் போதாது. யார் காலிலாவது குத்திவிடப் போகிறது என்று கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் கேட்டேன். "உங்களுக்கு எதுக்குங்க அத்தை இந்த வம்பு?"

"வம்புன்னா எனக்கு ஆசையா கண்ணு? பலகையில எழுதியிருக்கறது எல்லாத்துக்கும்னு நெனச்சுப்போட்டேன். இல்லீன்னா 'ஏழைக்கு மட்டும்'னு சேத்தி எழுதிப்போடச் சொல்லு. நாம்பாட்டுக்கு என்ற சோலியப் பாத்துட்டுப் போறேன்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனாலேயே எனக்குப் பயம் கூடியது. நியாயம் பேசுகிறவர்களுக்கு ஊரில் என்ன நடக்கும் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. எதிர் வீட்டில் இருக்கிறவர்களுக்கும் அதில் கொஞ்சம் தெறிக்கும் என்பதும் தெரிந்திருந்தது.

ஐப்பசியில் எலி விழ ஆரம்பித்தது. இப்போது படிக்கிறவர்களுக்கு அந்தப் பேச்சின் நடுக்கம் தெரியாது. வீட்டுக்குள் தானாகச் செத்த எலி கிடந்தால் எலி விழுந்தது என்போம். அடுத்து மனிதன் விழுவான். பிளேக். காய்ச்சல் வரும், அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டும், சில நாளில் தூக்கிக்கொண்டு போவார்கள். முனிசிபாலிட்டி விதி இதுதான்: எலி விழுந்தால் உடனே சானிட்டரி இன்ஸ்பெக்டரிடம் சொல்ல வேண்டும், வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வெளியே கொட்டகையில் போய்த் தங்க வேண்டும். முனிசிபாலிட்டி ஆட்கள் கூரை ஓட்டைப் பிரித்து வெயிலை உள்ளே விட்டு மருந்தடிப்பார்கள். விழுந்தாலும் விழாவிட்டாலும் எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். காலையில் கண் விழித்ததும் நான் முதலில் என் அக்குளைத் தடவிப் பார்ப்பேன். அப்புறம் என் வீட்டுக்காரருடையதை, அவர் தூக்கம் கலையாமல்.

ஊசி போட கம்பவுண்டர் தெருமுனையில் மேசை போட்டு உட்கார்ந்தார். பெண்கள் ஒருத்தியும் வாசலைத் தாண்டவில்லை. அத்தை முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். ஊசியைப் பார்த்ததும் அவருடைய இன்னொரு கை என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கியது. "பயமா இருக்குது கண்ணு," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. அன்றைக்குத்தான் அவர் மேல் எனக்கு முதன்முதலாகப் பிரியம் வந்தது. அவரைப் பார்த்துத் தெருவே கையை நீட்டியது. பெரிய வீட்டிலிருந்து மட்டும் ஒருவரும் வரவில்லை. அவர்களுக்குப் போட்டாகிவிட்டது என்று கம்பவுண்டர் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

விதி பின் சந்துக்குத்தான் முதலில் வந்தது. அங்கே எலி கிடந்தது என்று சந்து முழுக்க ஓட்டைப் பிரித்துப் போட்டார்கள். சட்டி பானையும் பிள்ளைகளுமாக அவர்கள் கொட்டகைக்கு நடந்தார்கள். குழாயடியில் துணி அலசினாளே, அந்தப் பெண்ணும் அவள் குழந்தையும் திரும்பி வரவில்லை.

அது அவர்கள் வீட்டு எலி இல்லை. பெரிய வீட்டின் பின்கட்டில் பருத்திக்கொட்டைக் கிடங்கு இருந்தது. அங்கே தினமும் எலி விழுந்தது. வேலைக்காரன் இடுக்கியால் எடுத்து மதிலுக்கு மேலே வீசுவான். மதிலுக்கு அந்தப் பக்கம் சந்து. என் வீட்டுக்காரர் இதைச் சோற்றைப் பிசைந்துகொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இன்ஸ்பெக்டரு வந்தாரு. முன்னால உக்கார வெச்சுக் காப்பி குடுத்தாங்க. கெடங்குப் பக்கமே போகல. வெளிய சொல்லீராத அம்மணி. மகளுக்குக் கல்யாணம் வெச்சிருக்காங்க."

நான் மூச்சு விடவில்லை. அத்தைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. சந்தில் கிடந்த எலிகளின் மயிரில் பஞ்சு ஒட்டியிருந்ததை அவரே பார்த்திருந்தார்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சீர்களைச் செய்து வைப்பவர்களை அருமைக்காரர்கள் என்போம். பெண்களில், பிள்ளை பெற்று, அதற்கென்று உள்ள சடங்கையும் செய்துகொண்ட சுமங்கலிக்குத்தான் அந்த உரிமை. எங்கள் தெருவுக்கு அத்தைதான் அருமைக்காரி. முதலாளிக்கு அவர் மேல் எவ்வளவு எரிச்சல் இருந்தாலும் மகள் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அவரைத்தான் அழைக்க வேண்டியிருந்தது.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலையில் பெரிய வீட்டில் உறவுக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். படுக்க இடம் போதவில்லை என்று பருத்திக்கொட்டைக் கிடங்கில் பாதியை ஒழித்து ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். பிள்ளைகள் அதில் புரண்டு விளையாடின. என் வீட்டுக்காரரும் நானும் ஒத்தாசைக்குப் போயிருந்தோம். நான் வேலை செய்கிற மாதிரி குனிந்து குனிந்து மூலைமுடுக்கெல்லாம் எலி தேடிக்கொண்டிருந்தேன். முதல் சீருக்கு எல்லாம் எடுத்து வைத்திருந்தது. அத்தை வந்தார். உட்காரவில்லை.

"ஏனுங்க," என்றார்.

முதலாளி திரும்பினார்.

"சீரையெல்லாம் உங்க தோட்டத்துச் சாளையில வெச்சுக்கலாமுங்க. வந்த ஒரம்பரைச் சனத்தையும் அங்கயே கூட்டிட்டுப் போயிருங்க."

"ஏன், இந்த ஊட்டுக்கு என்ன கொறச்சல்?"

"கொறச்சல் ஒண்ணுமில்லீங்க. எலி நெம்ப உளுகுது."

"யாரு சொன்னது?" என்று கேட்ட முதலாளியின் கண் நேராக என் வீட்டுக்காரர் மேல் போய் நின்றது. வேலை போயிற்று, இனி எந்த முகத்தோடு அப்பா வீட்டுக்குப் போவது என்றெல்லாம் அந்தக் கணத்திலேயே எனக்குள் ஓடியது.

"எலிதாஞ் சொல்லுச்சுங்க," என்றார் அத்தை. "உடம்பெல்லாம் உங்க பஞ்ச ஒட்டிக்கிட்டுச் சந்துல வந்து உளுகுது. சந்துக்காரங்க ஓட்டப் பிரிச்சாங்க. இது எல்லாத்துக்குந்தானுங்களே?"

"நான் வேற அருமைக்காரியக் கூப்பிட்டுக்கறேன்."

"கூப்புடுங்க. வாரவங்ககிட்டயும் நான் இதையேதானுங்க சொல்லுவேன்."

முதலாளி கையை ஓங்கிவிடுவார் என்றே நினைத்தேன். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிடங்குக்குப் போய், ஜமுக்காளத்திலிருந்து தன் பேரனை வாரித் தூக்கினார். அதோடு முடிந்தது. பொழுது சாய்வதற்குள் வண்டி வண்டியாக எல்லோரும் தோட்டத்து வீடான சாளைக்குப் போய்ச் சேர்ந்தோம். அத்தை ஒரு சீர் விடாமல் செய்து வைத்தார். மணப்பெண்ணின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

வந்தவர்களில் ஒருவருக்கும் காய்ச்சல்கூட வரவில்லை. அது அத்தைக்கு வினையாகிவிட்டது. "ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே? என்னையச் சபையில அவமானப்படுத்தத்தான் அத்தன நாடகமும்," என்று முதலாளி ஊர் முழுக்கச் சொன்னார். ஊரும் தலையாட்டியது. நாலு பேர் செத்திருந்தால் அத்தை பேச்சு சரியாகப் போயிருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கோ, என் வீட்டுக்காரர் வேலை போகாமல் இருந்ததே போதும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. அத்தையின் வீட்டுக்காரருக்கு இழுப்பு முற்றியது. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கினார். அவர் மூச்சுச் சத்தம் தெருவைத் தாண்டி எங்களுக்குக் கேட்கும். ஒரு காலை வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தேன். எதிர் வீட்டு வாசற்படியில் எலி ஒன்று மல்லாந்து, வயிறு உப்பிக் கிடந்தது. மயிரெல்லாம் பஞ்சு. சாணிச் சட்டி என் கையிலிருந்து நழுவி உடைந்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் அத்தை வெளியே வந்தார்.

யாரும் போய்ச் சொல்வதற்கு முன்பே சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்துவிட்டார். யார் சொல்லி வந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. குனிந்து எலியைப் பார்த்தார், பஞ்சைப் பார்த்தார். உள்ளேயிருந்து வந்த மூச்சுச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். ஆட்களைத் தள்ளிப் போகச் சொன்னார்.

"அம்மா, இது உங்க ஊட்டு எலி இல்லீங்க. எனக்கே தெரியுது. இந்த மழையில கொட்டாயில இவரு தாங்கமாட்டாருங்க. நான் பாக்கலைன்னு போயிடறேன். நீங்க கதவச் சாத்திக்குங்க."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. சரியென்று சொல்லுங்கள் அத்தை, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நின்ற இடத்திலேயே கெஞ்சினேன். வாய் திறந்து இல்லை, மனசுக்குள்.

அத்தை எலியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சீக்குக்கு யாரு ஊட்டு எலின்னு தெரியுமுங்களா?" என்றார் கடைசியில். குரல் இருந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. "இன்னைக்கு என்னைய உட்டுப்போட்டீங்கன்னா, நாளைக்கு நான் யாரைக் கேக்கறதுங்க?"

"கேக்காட்டித்தான் என்னங்கம்மா?" இன்ஸ்பெக்டருக்கே கோபம் வந்துவிட்டது. "ஊருல யாராச்சும் உங்களக் கேக்கச் சொன்னாங்களா?"

அத்தையின் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். மூச்சு வாங்கி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. "போலாம். கம்பளிய எடுத்துக்க," என்றார். மனைவி சொல்லைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாரா, வேறு வழியில்லை என்று சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் மழையில் நடந்து போனார்கள். தெருவில் எல்லாக் கதவும் ஒரு விரற்கடை திறந்திருந்தது. ஒரு கதவுகூட முழுசாகத் திறக்கவில்லை.

கொட்டகை குளத்துக்கு அப்பால் வெட்டவெளியில் இருந்தது. மேலே சோளத்தட்டு, சுற்றிலும் இடுப்பளவுக்குத் தட்டி. அங்கேயே அத்தையின் வீட்டுக்காரர் போய்விட்டார். பிளேக்கில் இல்லை, குளிரில். பிரித்த ஓட்டை மறுபடி வேய்வதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அத்தை வெள்ளைச் சேலையில் திரும்பி வந்தார். வளையல் இல்லாத அந்தக் கையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தாலி போனால் அருமைக்காரி என்ற உரிமையும் போய்விடும். தெருவில் அடுத்து நடந்த கல்யாணத்துக்கு வேறு யாரோ வந்தார்கள். பீப்பாய் வண்டி தினமும் வந்தது. சேவகன் முதுகைத் திருப்பிக்கொள்ளும் சிரமம்கூடப் படவில்லை. குழாயடியிலேயே மாடு கழுவினார்கள். அத்தை குடத்தை வைப்பார், முறை வந்ததும் பிடிப்பார், தலை நிமிராமல் போவார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டபோது பயந்தேன். கேட்காமல் போனபோது அதைவிடப் பயந்தேன்.

மறு வருஷம் ஐப்பசியில் எங்கள் அடுப்படியில் எலி விழுந்தது. விறகுக்கு இடையில், வாலைத்தான் முதலில் பார்த்தேன். என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து கூப்பிட்டேன். என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். அடுப்பிலிருந்து இடுக்கியை எடுத்தார்.

"மதிலுக்கு அக்கட்டால போட்டர்றேன்."

"எதிர்த்த ஊட்டு அத்தை பாத்துட்டாங்கன்னா?"

"அவங்கதான் இப்ப யாரையும் ஒண்ணும் கேக்கறதில்லையே."

எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கமும் அதே சந்துதான். திரும்பி வந்து குடியேறியிருந்த பிள்ளைகள் மழையில் கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது. "தொடாதீங்க, நான் வாரவரைக்கும் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடினேன். எதற்கு ஓடினேன்? அத்தை என்னைத் திட்ட வேண்டும், கையைப் பிடித்து இன்ஸ்பெக்டரிடம் இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்திருப்பேன்.

"அத்தை, எங்க ஊட்ல எலி உளுந்திருச்சுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்தார். பிறகு மழையைப் பார்த்தார்.

"சொல்லாத கண்ணு," என்றார். "யாருகிட்டயும் சொல்லாத. இவளக் கூட்டீட்டுக் கொட்டாய்க்கு மட்டும் போயராத."

கதவைச் சாத்திக்கொண்டார். அடைத்த கதவுக்கு முன்னால் மழையில் நின்ற அந்த நேரத்தை மறக்க முடியாது. கொட்டகை என் மகளைக் கொன்றுவிடலாம். கொட்டகைக்குப் போகாவிட்டால் வீடு கொன்றுவிடலாம், சந்துப் பிள்ளைகளையும் சேர்த்து. தடுக்க ஒருவர் இருந்தவரை, எப்படி ஏமாற்றலாம் என்று யோசிக்கும் சௌகரியம் எங்களுக்கு இருந்தது. இப்போது யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்து பாயைச் சுருட்டினேன்.

"அத்தை என்ன சொன்னாங்க?" என்றார் இவர்.

"சொல்ல வேண்டாம்னாங்க."

"அவங்களே வேண்டாம்னுட்டாங்கள்ல, அப்பறம் என்ன?"

"அவங்களே சொல்லீட்டாங்கன்னுதானுங்க எனக்கு நெம்பப் பயமா இருக்குது. போய் இன்ஸ்பெக்டரக் கூட்டியாங்க."

பொழுதோடு கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தோம். இவர் மிச்சச் சாமானை எடுத்துவரப் போயிருந்தார். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தேன். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஈரமாகத்தான் இருந்தது. அடிக்கொரு தடவை அவள் மூக்கில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். ஒரு தடவை தும்மினாள். அவ்வளவுதான், என் மகள் போய்விட்டாள் என்று அழ ஆரம்பித்துவிட்டேன்.

வரப்பு மேல் யாரோ வந்துகொண்டிருந்தார்கள். தலையில் கோணிச் சாக்கு, அதற்குக் கீழே வெள்ளைச் சேலை. அத்தை வீட்டில் எலி விழவில்லை. அவர் அங்கே வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உள்ளே வந்ததும் சாக்குக்கு அடியிலிருந்து நனையாத பழந்துணிகளை எடுத்தார். குழந்தையை என் மடியிலிருந்து வாங்கித் துணியில் சுற்றினார். மேற்கு மூலைக்குக் கொண்டுபோய்க் கிடத்தி, என்னை அவள் பக்கத்தில் படுக்கச் சொன்னார். பிறகு கிழக்குத் தட்டிக்கும் எங்களுக்கும் நடுவில், ஈரத் தரையில், நீட்டிப் படுத்துக்கொண்டார்.

"அத்தை, இக்கட்டால வந்துருங்க. நனைஞ்சு போவீங்க," என்றேன்.

"இந்தப் பக்கந்தான் கண்ணு சாரல் அடிக்கும்," என்றார் அவர், முகத்தைத் திருப்பாமல். "எனக்குத் தெரியும்."